குடும்ப வழியில் வந்தது

பாச்சாங், மலாக்கா
12-6-1955

அன்புள்ள தங்கை இருசம்மாளுக்கு,

அண்ணன் பெரியதம்பி எழுதுவது. கை எப்படி இருக்கிறது? அதைக் கேட்காமல் வேறு எதையும் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கட்டு அவிழ்த்துவிட்டார்களா, ரப்பர் பால் வாளி தூக்க முடிகிறதா, எழுது.

கோயிலில் அன்று வெடி வெடித்தது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகத்தில் இருப்பது, மாமாவும் இன்னும் நாலு பேரும் என் சட்டையைப் பிடித்து இழுப்பதும், எனக்குக் கீழே கிடந்து நீ "அண்ணே, கை, கை" என்று சொல்வதும்தான். உன்மேல் குண்டு படக்கூடாது என்று மேலே விழுந்தேன். உன் கையை நானே ஒடித்துவிட்டேன். மாமா என்னை வெளியே போகச் சொன்னதில் தப்பில்லை. அத்தை அன்னம்மா வாசலில் நின்று அழுததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

இங்கே ஒரு சீனர் அரிசிக் கடையில் மூட்டை இறக்குகிறேன். கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் இருந்தவன் என்றால் வாட்ச்மேன் வேலை உடனே கிடைக்கும் என்று நினைத்தேன். எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். பட்டாளத்திலிருந்து விடுவித்த காகிதத்தைக் கேட்கிறார்கள். படித்த பிறகு, "நாளைக்கு வா தம்பி" என்கிறார்கள்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாமலே இத்தனை மாதம் மடித்து வைத்திருந்தேன். கோர்ட்டுக்கு வெளியே பெட்டிஷன் எழுதும் வீரப்பன் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒருமுறை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, தமிழில் சொன்னார். எனக்கு மனக்கோளாறாம். அது லாபிஸ் காட்டுச் சண்டையில் வந்தது இல்லையாம். பட்டாளத்தில் சேருவதற்கு முன்பே இருந்ததாம். குடும்ப வழியில் வந்ததாம். தாயாருக்கும் இருந்ததாம்.

எனக்கு என்ன பெயர் வைத்தாலும் பொறுத்துக்கொள்வேன். அம்மாவைச் சொல்லிவிட்டார்கள், இருசா.

மேல்முறையீடு செய்யலாம் என்கிறார் வீரப்பன். நீ ஒன்று செய்ய வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சாமிநாதன் ஐயா அம்மாவைக் கடைசிவரை பார்த்தவர். அம்மாவுக்குப் புத்தி நன்றாகத்தான் இருந்தது என்று அவரிடம் ஒரு தாள் எழுதி வாங்கி அனுப்பு.

உன் அண்ணன்,
பெரியதம்பி


செலண்டார்
26-6-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

கை ஒட்டிவிட்டது. தோளுக்கு மேல் தூக்கினால் வலிக்கிறது. வெட்டுக்குப் போகிறேன். வாளியை இடது கையில் தூக்கப் பழகிக்கொண்டேன். இதற்காக நீங்கள் உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம். ஆனால் சொல்லாமல் போனீர்களே, அதற்காக வருத்தப்படலாம். விடிந்து எழுந்து பார்த்தால் பாய் சுருட்டி வைத்திருக்கிறது. ஆள் இல்லை. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

டிரஸ்ஸர் விஷயம். அண்ணே, அதைச் செய்யச் சொல்லாதீர்கள். மேல்முறையீடே வேண்டாம்.

நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்கிறேன். சேகரன் வீட்டில் தை மாதம் தேதி வைத்திருக்கிறார்கள். ஜாசின் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறாரே, அவர்தான். உங்களுக்கும் அவரைப் பிடிக்கும். கோயில் திருவிழாவுக்குப் பிறகு அவருடைய அம்மா ராஜம்மா அக்கா நம் வீட்டுக்கு வந்தார். அத்தையிடம், "பெரியதம்பிக்கு பட்டாளத்துல அடிபட்டுச்சா, இல்ல முன்னாடியே ஏதும் உண்டா?" என்று கேட்டார். அத்தை, "காட்டுல பட்ட அதிர்ச்சிதான், சரியாப் போயிடும்" என்று சொல்லி அனுப்பினார். அதோடு அடங்கியது.

நீங்கள் மேல்முறையீடு செய்தால் விசாரிக்க ஆள் வரும். தோட்டத்து லயத்தில் வீடு வீடாகக் கேட்பார்கள். அம்மாவைப் பற்றிக் கேட்பார்கள். ஒரு காகிதத்தில் இருப்பதை ஊர் வாயில் நீங்களே கொண்டுவந்து போடப் போகிறீர்கள். இங்கிலீஷில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? அரிசிக் கடையில் உங்களிடம் காகிதம் கேட்கவில்லையே. அந்த வேலையே இருக்கட்டும்.

அம்மா செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவரை விட்டுவிடுங்கள்.

தங்கை,
இருசம்மாள்


பாச்சாங்
17-7-1955

இருசாவுக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபத்தில் பதில் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். இப்போதும் கோபம் போகவில்லை, ஆனால் உனக்கு நடந்தது தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. நான் யாருக்கும் முழுவதும் சொன்னதில்லை.

மருதமுத்துவை உனக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு என்னோடு வந்து, நீ சுட்ட பலகாரத்தை எல்லாம் தின்றுவிட்டுப் போனான். லாபிஸ் காட்டில் ரோந்து போனபோது, ஓடையில் தண்ணீர் பிடிக்க நானும் அவனும் இறங்கினோம். எதிர்க் கரையிலிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். எனக்கு ஒன்றும் படவில்லை. அவனுக்கு வயிற்றில். சாயங்காலம் வரைக்கும் இருந்தான். தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். வயிற்றில் பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் கொடுக்கவில்லை. ஓடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு கொடுக்காமல் இருந்தேன்.

மழையில் வயர்லெஸ் கெட்டுப்போயிருந்தது. ரோடு வரைக்கும் சுமந்துதான் போக வேண்டும். மழைத்துணியில் சுற்றி மூங்கிலில் கட்டினோம். முன்னால் நான் பிடித்தேன். மற்றவர்கள் ஆள் மாற்றிக்கொண்டார்கள், நான் மாற்றவில்லை. சறுக்குகிற இடத்தில் எல்லாம், "கொஞ்சம் பொறுத்துக்கடா, மேடு வருது" என்று சொல்லிக்கொண்டே போனேன். அதைத்தான் 'பிணத்தோடு பேசினான்' என்று எழுதியிருக்கிறார்கள். அவன் செத்துவிட்டான் என்று எனக்குத் தெரியாதா? நான்தானே சுமந்தேன். ஆனால் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவனிடம் ஒன்றும் சொல்லாமல் எப்படிப் போவது?

அதற்குப் பிறகு துப்பாக்கியைக் கொடுத்தால் வலது கை மூடாது. விரல் விரலாகப் பிடித்து மடக்கினாலும் திறந்துகொள்ளும். பேச்சும் சில நாள் வரவில்லை. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பட்டாளத்து டாக்டர் வந்து மொழிபெயர்க்க ஒரு ஆளை வைத்துக்கொண்டு, "உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அத்தனை நாளில் என் வீட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொன்னேன். அம்மா தினமும் தோட்டத்து கேட்டில் போய் நின்று, லாரிச் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுவார் என்று சொன்னேன். எங்கள் அம்மாவைப் போல ஒருத்தி உண்டா என்கிற பெருமையில் சொன்னேன். டாக்டர் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

புருஷனுக்காகக் காத்திருந்ததைப் பைத்தியம் என்று எழுத என் வாயையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பி வாங்காமல் நான் எப்படி இருப்பேன்? உன் கல்யாணம் நல்லபடி நடக்கும். சேகரன் நல்லவன். நீ டிரஸ்ஸரைப் போய்ப் பார்.

பெரியதம்பி


செலண்டார்
14-8-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தைக்குக்கூடப் படித்துக் காட்டவில்லை. மருதமுத்து அண்ணன் சாப்பிட்டது முறுக்கு. இன்னும் வேண்டுமா என்று கேட்டதற்கு, "இருந்தா வை, இல்லாட்டி சுடு" என்றார். அது ஞாபகம் வந்து, வெட்டு முடித்து வரும்போது மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

டிரஸ்ஸரைப் பார்த்தேன். மருந்துக் கொட்டகையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கேட்டுவிட்டு அவர் கொட்டகைக் கதவைச் சாத்தினார். பிறகு, "நான் எழுதித் தர மாட்டேம்மா" என்றார்.

"ஏங்கய்யா?"

"எழுதுனா என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. விசாரிச்சா நான் பாத்ததைச் சொல்லணும். எழுதாம இருக்கிறதுதான் உங்கண்ணனுக்கு நான் செய்யிற ஒத்தாசை. ஒனக்குத் தெரியாதா, நீதானே கூட இருந்தே?"

அண்ணே, நான்தான் கூட இருந்தேன். நீங்கள் இல்லை. ஜப்பான்காரன் கண்ணில் படாமல் இருக்க உங்களை அம்மா மலாக்கா டவுனுக்கு அனுப்பிவிட்டார். நீங்கள் எப்போதாவது வந்து பார்த்தது, கேட்டில் நிற்கும் அம்மாவை. திரும்பி வீட்டுக்குள் வந்த அம்மாவை நீங்கள் பார்க்கவில்லை.

மரவள்ளிக்கிழங்கு அவித்தால் அம்மா முதலில் அப்பாவின் தட்டில் வைப்பார். பசியில் நான் அதைத் தொட்டால் அடிப்பார். காலையில் கேட்டுக்குப் போகும்போது, என்னையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று புடவைத் துணியால் என்னைத் தூணோடு கட்டிவிட்டுப் போவார். சில நாள் திரும்பி வந்ததும் அவிழ்க்க மறந்துவிடுவார். பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா வந்து அவிழ்த்துவிடுவார். ஒருநாள் அம்மா என் முகத்தைப் பிடித்து உற்றுப் பார்த்து, "நீ யாரு, எதுக்கு இங்க நிக்கிறே" என்று கேட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பினவர்கள், அப்பா காலரா கண்டு போய்விட்டார் என்று வந்து சொன்னார்கள். அம்மா அழவில்லை. "சாப்பிட்டுட்டா போனாரு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அதற்குப் பிறகுதான் காய்ச்சலில் படுத்தார். நீங்கள் வந்தபோது பேச்சு நின்றிருந்தது.

உங்களிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. நீங்கள் அம்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கேட்டில் நிற்கும் அம்மாவையே பேசினீர்கள். அந்த அம்மா உங்களுக்காவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் எழுதியது எல்லாமே பொய் இல்லை, அண்ணே. அதனால்தான் சொல்கிறேன், வேண்டாம்.

இருசம்மாள்


பாச்சாங்
11-9-1955

இருசாவுக்கு,

பசியில் இருந்த குழந்தைக்கு எல்லாம் அப்படித்தான் தோன்றும். அம்மா கஷ்டத்தில் இரண்டு அடி அடித்திருப்பார். அதற்குப் பைத்தியம் என்று அர்த்தமா?

மனு போய்விட்டது. நவம்பரில் கோலாலம்பூரில் விசாரணை. டிரஸ்ஸர் தாள் இல்லாததால் உன்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார் வீரப்பன். உனக்குக் கடிதம் வரும். நீ அதிகம் பேச வேண்டியதில்லை. அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருந்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்காக அந்த ஒரு வார்த்தை.

பெரியதம்பி


செலண்டார்
23-10-1955

அன்புள்ள அண்ணனுக்கு,

சாட்சிக்கு வரச்சொல்லித் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் வந்தது. கணக்கு எழுதும் கிராணி அதைப் பிரித்துப் படித்துவிட்டு, காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, "இருசம்மா, பட்டாளத்துல உங்கம்மா பைத்தியத்த பத்திக் கேக்கணுமாம், லீவு எழுதிக்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. சத்தமாகப் பேசியே பழகியவர். யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் குனிந்து வாளியைப் பார்த்தார்கள். அதற்குச் சிரித்தே இருக்கலாம்.

அன்று மாலையே சேகரன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. ரோட்டோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல லா, இருசா. அம்மாதான் பயப்படுறாங்க. புள்ளைங்களுக்கு வருமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"வராதுன்னு சொல்லுங்க."

"எனக்கு அது தெரியலையே" என்றார். கொஞ்ச நேரம் மணியைத் திருகிக்கொண்டே நின்றுவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை என்பதற்காக அவரை வெறுக்க முடியவில்லை.

போன ஞாயிறு நான் பாச்சாங் வந்தேனே, அதைப் பற்றி எழுத வேண்டும். உங்களிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. மனுவை வாபஸ் வாங்கச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் முகம் எல்லாம் சிரிப்பாக என்னைக் கூட்டிப் போய் ஒட்டுக்கடையில் உட்கார வைத்தீர்கள். மூன்று தேத்தண்ணி சொன்னீர்கள். எனக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மூன்றாவது கிளாஸை உங்கள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்கு நகர்த்தி வைத்துவிட்டு, என்னோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். கடைக்காரருக்கு அது பழக்கமாகியிருந்தது. எழுந்து போகும்போதுதான் அந்தக் கிளாஸைப் பார்த்தீர்கள். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அண்ணே, மருதமுத்து அண்ணனுக்கு நீங்கள் தண்ணீர் கொடுக்கவில்லை. அதனால்தானே அந்தக் கிளாஸ்? அம்மா தட்டு வைத்ததும் அப்படித்தான்.

உங்களுக்கு உடம்பு சரியில்லை. டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். விசாரணைக்கு வருகிறேன், வராமல் இருக்க மாட்டேன். ஆனால் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

இருசம்மாள்


பாச்சாங்
8-1-1956

இருசம்மாளுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. தள்ளுபடி. வீரப்பன் வாசித்தார். 'சகோதரியின் வாக்குமூலமே தாயாரின் நோயை உறுதி செய்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உன்னை உள்ளே கூப்பிட்டபோது, இவள் என்னைக் கைவிட மாட்டாள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வார்த்தைதான் கேட்டேன். உனக்குச் சின்ன வயதில் விழுந்த அடிக்கு அம்மாவைப் பழி வாங்கிவிட்டாய். என்னையும்.

இனிமேல் எழுதாதே. வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

பெரியதம்பி


செலண்டார்
15-1-1956

அண்ணே,

பிரிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். என்றைக்காவது பிரித்தால் இது உள்ளே இருக்க வேண்டும்.

விசாரணை அறையில் நீளமான மேஜை. மூன்று அதிகாரிகள். மொழிபெயர்க்க ஒரு தமிழர், சட்டை மடிப்புக் கலையாமல். நீங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் ரயிலில் வரும்போது மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். அம்மா நன்றாக இருந்தார், அம்மா நன்றாக இருந்தார். கூட வந்த அத்தை என்னைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

உள்ளே போனதும் அந்தத் தமிழர், "உங்க அம்மாவுக்கு மூளைக் கோளாறு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன், அண்ணே. முதலில் இல்லை என்றுதான் சொன்னேன். கண்ணாடி போட்ட அதிகாரி ஒரு தாளை எடுத்தார். தோட்டத்துக்கு ஆள் அனுப்பி ஏற்கெனவே விசாரித்திருக்கிறார்கள். தூணில் கட்டியது, தட்டு வைத்தது எல்லாம் அதில் இருக்கிறது. யார் சொன்னார்கள் என்று தெரியாது. "அப்ப இதெல்லாம் பொய்யா?" என்று கேட்டார்கள். பொய் என்று சொல்லியிருந்தால் நான் சொன்ன எதையும் அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

அதனால் சொன்னேன். "எங்கம்மா லாரி வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க. லாரி வந்து எங்கப்பாவ ஏத்திக்கிட்டுப் போன பின்னாடிதான் அப்படி ஆனாங்க. எங்கண்ணன் லாபிஸ் போற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. ரத்தத்துல வந்ததுன்னா எனக்கும் வந்திருக்கணுமில்ல? எனக்கு ஒண்ணும் இல்ல. ஏன்னா என் மடியில யாரும் சாகல. எங்க குடும்ப வழியில வந்தது நோய் இல்லீங்கய்யா. ஆளைக் கொண்டு போறதுதான் எங்க குடும்பத்துக்கு வந்தது. அப்பாவ ஜப்பான்காரன் கொண்டு போனான். அண்ணன நீங்க கொண்டு போனீங்க."

நான் இவ்வளவு பேசினேன். அந்தத் தமிழர் இங்கிலீஷில் இரண்டே வரி சொன்னார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் நீளம் தெரியும். இன்னும் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்கள்.

வெளியே வந்தபோது நீங்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

இன்னொன்று. தை மாதம் கல்யாணம் இல்லை. விசாரணைக்கு முன்பே சேகரன் வீட்டில் தேங்காய் பழத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அத்தையிடம் நான்தான் சொன்னேன்.

இருசம்மாள்


செலண்டார்
11-3-1956

அண்ணே,

பாச்சாங் வந்தேன். கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்தும் உள்ளே போய்விட்டீர்கள். வெயில் சாயும்வரை எதிர்ப் பக்கம் நின்றுவிட்டுப் பஸ் ஏறினேன். ரொம்ப இளைத்துவிட்டீர்கள். சட்டை வேறு ஆளுடையது போலத் தொங்குகிறது.

எழுத வேண்டாம். சாப்பிடுங்கள்.

இருசா


பாச்சாங்
22-4-1956

அன்புள்ள தங்கை இருசாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் இன்றுதான் பிரித்தேன்.

ஏன் இன்று என்று சொல்கிறேன். வீரப்பன் விசாரணையின் நகல் வாங்கி வைத்திருந்தார். இன்னொரு மனு போட ஏதாவது கிடைக்குமா என்று அதைப் படித்தார். நீ பேசியதாக அதில் இரண்டு வரிதான் இருக்கிறது. 'யுத்த காலத்தில் தாயார் நோயுற்றிருந்ததாகச் சாட்சி கூறுகிறார். தனக்கு நோய் இல்லை என்கிறார்.' அவ்வளவுதான். வீரப்பன் கேட்டார், "ஒங்க தங்கச்சி அவ்வளவு தூரம் போயி இதையா சொல்லிட்டு வந்துச்சு?" எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அறைக்கு வந்து பெட்டியில் கிடந்த உன் கடிதத்தை எடுத்தேன்.

திரும்பப் போய் வீரப்பனுக்குப் படித்துக் காட்டினேன். அவர், "இந்த ஒண்ண அப்படியே எழுதியிருந்தா போதும் தம்பி, நான் எழுதினது எல்லாம் வெறும் தாளு" என்றார். இனி எங்கேயும் போக வழியில்லை என்றும் சொன்னார். இருந்தாலும் நான் போக மாட்டேன். சரியாகச் சொல்ல வேண்டியதை நீ சொல்லிவிட்டாய். அவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். இதற்குமேல் யாரிடம் போய் என்ன சொல்வது?

அம்மாவைப் பற்றி நீ சொன்னதை இப்போது நம்புகிறேன். நீ தூணில் கட்டுண்டு கிடந்தபோது நான் டவுனில் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உன் கல்யாணத்தையும் நான் கெடுத்தேன். அன்று ஒடித்தது கை மட்டும் இல்லை. இதையெல்லாம் எழுதுவதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் கடையில் ஒரு மூட்டை மேலிருந்து விழுந்தது. கூட வேலை செய்யும் சீனப் பையன் கழுத்தை நான் பிடித்துவிட்டேனாம். விலக்க மூன்று பேர் வேண்டியிருந்ததாம். கடை முதலாளி தவுக்கே போலீசுக்குப் போகவில்லை. அந்தப் பையன் மறுநாள் எனக்கு ஒரு பாவ் ரொட்டி கொடுத்தான். அதை வாங்க எனக்குக் கை வரவில்லை. இன்னொரு தடவை யாராவது செத்துப்போவார்கள், இருசா.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் நானே சொன்னேன். தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் என்னைப் பிடித்துக் கட்டவில்லை. நானாகப் போகிறேன். அதையாவது நீ எல்லாரிடமும் சொல்லலாம்.

அண்ணன்,
பெரியதம்பி


செலண்டார்
3-6-1956

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் போவதற்கு முன் பார்த்துவிடலாம் என்று கடிதம் கிடைத்த அன்றே ஓடி வந்தேன். அறை காலியாக இருந்தது. தவுக்கே உங்கள் பெட்டியை என்னிடம் கொடுத்தார். பட்டாளத்துச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

மாமா இப்போது உங்களைப் பற்றிக் கேட்கிறார். முன்பு போல் கோபமாகப் பேசுவதில்லை. சேகரனுக்கு ஜாசினில் பெண் பார்த்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறினால் என்னிடம் டிக்கெட் காசு வாங்க மாட்டேன் என்கிறார். அதனால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். பெண் கேட்டு வேறு யாரும் வரவில்லை. வந்தாலும் முதலில் உங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

தம்பினில் ரயில் ஏறினால் ஈப்போ வரை போகலாம், அங்கிருந்து பஸ் உண்டு என்று டிரஸ்ஸர் சொன்னார். லீவு கேட்டிருக்கிறேன். கிராணி இந்தத் தடவை என்னை ஆபீசுக்குள் கூப்பிட்டு, மெதுவாகப் பேசினார். அடுத்த மாதம் வருவேன். அத்தை கருவாடு வறுத்துத் தருகிறேன் என்கிறார். வேறு என்ன வேண்டும்? அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள்? அடிக்கிறார்களா? கை மூடுகிறதா?

எழுத முடியாவிட்டால் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும்.

தங்கை,
இருசம்மாள்


தஞ்சோங் ரம்புத்தான்
24-6-1956

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் பெரியதம்பி சொல்லச் சொல்ல, இதே வார்டில் இருக்கும் அப்புசாமி எழுதுவது. அண்ணன் கை இப்போது பேனாவைப் பிடிக்கவில்லை. மற்றபடி நடமாட்டம் உண்டு.

இங்கே யாரும் அடிப்பதில்லை. தோட்டத்தில் கீரை போட்டிருக்கிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறேன். டாக்டர் நல்லவர். ஊசி போட்டால் நிறைய தூக்கம் வருகிறது. வெடிச் சத்தம் எதுவும் இல்லை. கருவாடு கொண்டு வா. தனியாக வராதே, மாமாவைக் கூட்டிக்கொண்டு வா, தூரம் அதிகம். என் சட்டை அங்கேயே இருக்கட்டும்.

ஒரு விஷயம். இங்கே வந்ததிலிருந்து மருதமுத்து வரவில்லை. ஊசி போட்டால் அப்படித்தான், அது நல்லது என்கிறார் டாக்டர். அவன் செத்தவன் என்பது எனக்குத் தெரியும், அதையும் எழுத வேண்டும் என்று அப்புசாமி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். தெரிந்துதான் சொல்கிறேன். நான் அவனிடம் சொல்லாமல் புறப்பட்டு வந்துவிட்டேன். நீ ரயில் ஏறுவதற்கு முன் ஒருதடவை பாச்சாங் போய், அந்த ஒட்டுக்கடையில் அவனுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வைத்து, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வா.

அண்ணன்,
பெரியதம்பி